பினேயும் அவர்தம் வினாக்களும்

மாணவன் தலையில் எவ்வளவு ஏறியுள்ளது என்று அளக்கும் கொத்தே பரீட்சை எனப் பலரும் எண்ணுவர். அவன் எங்ஙனம் சிந்திக்கிறான் என்பதைக் காட்டும் வினாக்களைத் தேடியவர் பிரான்சு நாட்டறிஞர் அல்பிரெட் பினே.

1857ஆம் ஆண்டு நீஸ் நகரிற் பிறந்த இவர் சட்டம் பயின்றார். அதில் மனம் பற்றாமையால் உளநூலைத் தாமே கற்றார். பாரிசிலே சார்க்கோ என்னும் பெருமருத்துவரிடம் சேர்ந்து, மனோவசியத்தில் உள்ளோரின் நோய்க்குறியைக் காந்தத்தால் உடலின் ஒருபுறமிருந்து மறுபுறம் மாற்றலாம் என எழுதினார். பெல்ஜிய அறிஞர் டெல்பேவ் மறுத்தார். நோயாளியின் முன்னிலையிலேயே மருத்துவர் தாம் எதிர்பார்ப்பதைப் பேசினர். நோயாளியும் அவ்வாறே நடந்துகாட்டினார். அவ்வளவுதான். பினே தம் பிழையைப் பலரறிய ஒப்புக்கொண்டார். அவ்விழுக்கே அவருக்குப் பெரும்பேறாயிற்று என்பேன்.

கேட்பவரின் எதிர்பார்ப்பு விடையை எவ்வாறு வளைக்கிறது என்பதைப் பின்னர்ப் பள்ளிச் சிறாரிடம் ஆராய்ந்து, 1900இல் நூலொன்று வெளியிட்டார். அட்டையில் ஒட்டிய பொத்தானொன்றைக் காட்டி மறைத்துவிட்டு, அதனைத் தைத்திருந்த நூலின் நிறம் யாது என வினவினார். நூலே இல்லை, ஆயினும் சிறுவர் நிறம் கூறினர்! கண்டதைத் தாமாக எழுத விடப்பட்டோரிடம் பிழை குறைவாயிருந்தது. வினாவின் வாலிலே விடையைக் கட்டிவிட்டு, வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடையிறுப்பதைக் கேட்டு மகிழும் ஆசிரியர் எந்நாட்டிலும் உளர்.

1905இல் சிமோன் என்னும் மருத்துவரோடு கூடி, கல்வியிற் பின்தங்கிய பிள்ளைகளை இனங்கண்டு உதவுதற்பொருட்டு 30 சோதனைகளை வகுத்தார். 1908ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த ஒருவகை வினா சுவையானது. துவிச்சக்கர வண்டியிற் சென்றவன் தலை உடைந்து அவ்விடத்திலேயே இறந்தான்; வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர்; அவன் பிழைப்பது அரிதாம். இதிற் பொருந்தாதது யாது? மனப்பாடம் இங்கே கைகொடாது. பெரியவர் சொன்னாரெனத் தலையசைக்கும் பிள்ளையும் நின்று ஐயுறும் பிள்ளையும் வேறுவேறாகத் தெரிவர்.

பிள்ளையின் அறிவு வளராப் பொருள் என்று ஆசிரியர் சிலர் முடிவுகட்டுவதை 1909இல் வந்த நூலிற் கண்டித்தார். பின்தங்கியோர்க்குக் கவனத்தை வளர்க்கப் பயிற்சிகள் வகுத்தார். சிலைபோல் அசையாது நிற்றலும் அவற்றுள் ஒன்று.

1911 ஒக்டோபரில், 54ஆம் வயதிற் பினே மறைந்தார். அவர் வகுத்த சோதனை அமெரிக்கா சென்று, பிள்ளைகளுக்கு மாறா எண் குத்தும் முத்திரையாயிற்று. பாரிசில் அவரது ஆய்வுகூடம் இருந்த பள்ளிக்கோ, 1920ஐ அண்டி, வேறொரு சோதனையைத் தரப்படுத்தும் பணிக்குப் பியாஜே என்னும் இளைஞர் வந்தார். பிழையான விடைகளைக் கழித்துவிட்டுச் செல்ல அவருக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராக இருத்தி, ஏன் அவ்வாறு விடை கூறினர் என்று கேட்கத் தொடங்கினார்.