ரெயில்வே அதிகாரியின் மகன் நட்சத்திரங்களுக்குப் போட்ட கணக்கு

விஞ்ஞானி எஸ்.சந்திரசேகர் 1910-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி லாகூரில் பிறந்தார். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை அவ்வளவு தூரத்தில் பிறந்ததற்குக் காரணம், தகப்பனாரின் உத்தியோகம். தந்தை சுப்பிரமணிய அய்யர் ரெயில்வே தணிக்கைப் பிரிவில் அதிகாரி. மாற்றல் உத்தரவு வந்த ஊருக்குக் குடும்பமும் போகும். வேலைக்காக மைசூருக்கு வந்திருக்கும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1918-ல் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும் சந்திரசேகர் படித்தார். பின்னாளில் பெங்களூரில் குடியேறிய சர் சி.வி.ராமன் இவருடைய சித்தப்பா.

கப்பலில் போட்ட கணக்கு

1930-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி, மேல்படிப்புக்காக இங்கிலாந்து செல்ல பம்பாயில் கப்பல் ஏறினார். வயது 19. எரிந்து அடங்கிய நட்சத்திரம் எவ்வளவு எடையைத் தாங்கும் என்று வழியிலேயே கணக்குப் போட்டார். பின்னர் அதைச் செம்மைப்படுத்தினார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை இருந்தால் தாங்காது என்பது அதன் முடிவு.

அவர் புறப்பட்டபோதே தாயார் சீதாலட்சுமி நோயுற்று இருந்தார். 1931-ல் காலமானார். மகன் கடல் கடந்த ஊரில் இருந்தார்.

1935-ம் ஆண்டு ஜனவரியில் லண்டனில் நடந்த வானியல் சங்கக் கூட்டத்தில் தன் முடிவை எடுத்துச் சொன்னார். அன்றைய பெரிய விஞ்ஞானி எடிங்டன், சபை நடுவே அதைக் கேலி செய்தார். சபையும் சிரித்தது. சந்திரசேகர் வம்புக்குப் போகவில்லை. 1937-ல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வு நிலையத்தில் சேர்ந்தார். 1939-ல் தன் ஆராய்ச்சியைப் புத்தகமாக எழுதி முடித்து, வேறு வேலையில் இறங்கினார். கூட்டமாக இருக்கும் நட்சத்திரங்கள் எப்படி நகர்கின்றன என்பதே அது.

தசரா கூட்டம்போல

1943-ல் அவர் கண்டு சொன்னது இதுதான். கனமான ஒரு பொருள் சிறு நட்சத்திரங்களின் கூட்டத்தினூடே போனால், அவற்றைத் தன் பக்கம் இழுக்கும். தசரா ஊர்வலத்தில் அம்பாரி யானை கடந்ததும் ஜனங்கள் அதன் பின்னால் திரளுவதுபோல, நட்சத்திரங்கள் பின்பக்கம் நெருக்கமாகும். அந்த நெரிசலின் ஈர்ப்பு, போகும் பொருளைப் பின்னால் இழுக்கும். வேகம் குறையும். எடை கூடக்கூட, வேகம் இன்னும் சீக்கிரம் குறையும்.

நட்சத்திரக் கூட்டங்களை எண்ணி எழுதிய இந்தக் கணக்கு, பிற்காலத்தில் பெரிய கேள்வி ஒன்றுக்கு உதவியது. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று 1929-ல் ஹப்பிள் காட்டியிருந்தார். எல்லாம் விலகிப் போனால், நட்சத்திர மண்டலங்கள் எப்படித் திரண்டன?

ஆரம்பத்தில் பிரபஞ்சம் எங்கும் ஏறக்குறைய ஒரே சீராக இருந்தது. லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஏற்றத்தாழ்வு. சற்றே அடர்த்தியான இடங்களில் ஈர்ப்பு விசை மிகுந்து, விரிவு தடைப்பட்டது. அங்கே பொருள் திரண்டு முதலில் சிறு மண்டலங்கள் உண்டாயின. சிறியவை பெரியவற்றுக்குள் போனதும், சந்திரசேகர் சொன்னபடி வேகம் இழந்து, சுற்றிச் சுற்றி உள்ளே இறங்கிக் கலந்தன. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளும் இப்படியே இழுக்கிறது.

இது பழங்கதை அல்ல. நம் பால்வீதி தனுசு ராசித் திசையில் ஒரு சிறு மண்டலத்தை விழுங்கிக்கொண்டிருப்பது 1994-ல் தெரியவந்தது.

கேலிக்கு ஆளான அந்த நட்சத்திர ஆராய்ச்சிக்கு 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது. கப்பல் ஏறி 53 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி சிகாகோவில் அவர் காலமானார்.

நண்பர்கள் அவரை சந்திரா என்றே அழைத்தனர். 1999-ல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ்-ரே தொலைநோக்கிக்கும் அதே பெயர். நட்சத்திர மண்டலக் கூட்டங்கள் மோதிக் கலப்பதை அது படம் பிடித்து அனுப்பியிருக்கிறது.