கோழியாளம் முதல் இலண்டன் வரை
திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் வாழ்வு

பெருங்கனவு ஒன்றை உள்ளத்தில் ஏற்றுக்கொண்டவன் அதற்குரிய விலையையும் கொடுக்கக் கடமைப்பட்டவனாகிறான். அவ்விலையை ஒரே நாளில் கொடுத்துவிட இயலாது. ஆண்டுக்கணக்கில், சிறிது சிறிதாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். அங்ஙனம் கொடுத்துத் தீர்த்த பெரியார் ஒருவர் நம் செங்கற்பட்டு மண்ணிலேயே பிறந்தார். அவரே திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன். மேற்படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் ஊரையும் உற்றாரையும் பிரிந்து செல்லும் நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அவருடையது.

1859ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள் மதுராந்தகம் வட்டாரத்திலுள்ள கோழியாளம் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பாலாற்றின் இருகரைகளையும் மாமல்லபுரத்துக் கடற்கரையையும் தன்னுள் அடக்கியது அன்றைய செங்கற்பட்டு ஜில்லா. அங்கே நம்மவர் எந்நிலையில் இருந்தனர் என்பதைக் கலெக்டர் திரமென்கீர் 1891இல் அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கை எடுத்துக்காட்டிற்று. உழுதவர் நம்மவர், நிலம் பிறருடையது. குடியிருந்த மனைக்கும் உரிமை கிடையாது. அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பிறந்த ஆணையின்படி ஒதுக்கப்பட்டவையே இன்று நாம் பஞ்சமி நிலங்கள் என்று வழங்குபவை. இத்தகைய ஜில்லாவில் பிறந்த சிறுவனுக்குக் கல்வி எளிதில் கிட்டிவிடுமா?

சீனிவாசன் கோயம்புத்தூரில் பயின்றார். ஏறத்தாழ 400 மாணவர் பயின்ற அக்கல்விச்சாலையில், பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர். தம் குலமும் குடியிருப்பும் பிற மாணவர்க்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் அவரை ஓயாது வாட்டியது. எனவே பள்ளிக்கு வெளியே ஒதுங்கியிருந்து படிப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பிற்குள் நுழைவார். மாலையில் பிறரோடு சேர்ந்து நடந்தால் வீடு எங்கே என்று கேட்பார்களே என்று அஞ்சித் தனியே விரைந்து சென்றுவிடுவார். விளையாட்டும் தோழமையும் நிறைந்திருக்க வேண்டிய இளமை, கல்வியின் பொருட்டு அவர் கொடுத்த முதல் விலையாயிற்று.

படிப்பு முடிந்தபின் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிலையம் ஒன்றில் கணக்கராக அமர்ந்தார். அவருடைய சகோதரியை மணந்தவரான அயோத்திதாசப் பண்டிதரும் அம்மலைநாட்டில் அக்காலத்தில் தொண்டாற்றியவரே. 1887இல் அரங்கநாயகி அம்மையாரைச் சீனிவாசன் மணந்தார். நிலையான ஊதியமும் இல்லறமும் வாய்த்துவிட்டன. நம்மவரில் ஆயிரத்தில் ஒருவருக்கும் கிட்டாத அந்நல்வாழ்வோடு அவர் அமைதி அடைந்திருக்கலாம். ஆயினும் 1890இல் அனைத்தையும் விட்டுச் சென்னைக்கு வந்தார். 1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். இத்தகையோர் வரலாற்றை எழுதுவோர், அவர்தம் இல்லத்தார் சுமந்த பாரத்தை எழுத மறந்துவிடுவது வழக்கம். மாத ஊதியம் நின்றுபோன வீட்டில் அடுப்பெரியச் செய்தவரின் பங்கும் அத்தொண்டில் அடங்கியிருக்கிறது அன்றோ?

1893 அக்டோபரில் நான்கு பக்கங்கள் கொண்ட திங்கள் இதழ் ஒன்றை அவர் தொடங்கினார். விலை இரண்டணா. அதற்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’. பள்ளிப் பருவத்தில் எப்பெயரைப் பிறர் அறியலாகாதென்று மணியடிக்கும் வரை ஒளிந்திருந்தாரோ, அப்பெயரையே அச்சேற்றி ஊரறிய விற்கத் துணிந்தார். சென்னையில் இரண்டே நாட்களில் 400 படிகள் விற்றுத் தீர்ந்தன. விரைவிலேயே வார இதழாகி, ஏறத்தாழ ஏழாண்டுகள் அது நடந்தது. இதழில் வெளிவந்த கடிதம் ஒன்றின் பேரில் அவதூறு வழக்குத் தொடரப்பட்டு, அவருக்கு 100 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. அக்காலத்தில் 100 ரூபாய் ஓர் ஏழைக் குடும்பத்தின் நெடுநாள் வருவாய். எனினும் இதழ் நிற்கவில்லை.

அதே 1893இல், இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அதனால் உயர் பதவிகள் மேல்சாதியார் கைக்கே போய்ச் சேரும் என்று அவர் எதிர்த்தார். 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. எழுத்தறிவு நம்மவர்க்கு எட்டாதிருந்த நாளில் அத்தனை பேரைத் திரட்டுவது எளிய செயலா?

விண்ணப்பம் கடல் கடந்தது. தாமே கடல் கடந்து நம் குறைகளை இலண்டனில் நேரில் எடுத்துரைக்க வேண்டும் என்பது அவர் கனவு. அந்நோக்கத்தோடு 1900இல் அவர் புறப்பட்டார். ஆனால் இலண்டன் சென்று சேரவில்லை. ஆப்பிரிக்கக் கண்டத்தில் வாழ்வு தடைப்பட்டு நின்றது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். காந்தியடிகள் தமிழில் கையொப்பமிட அவரிடமே கற்றார் என்பர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. இதழ் மறைந்தது, கூட்டிய கூட்டம் கலைந்தது, இளமையும் போயிற்று. தாயகம் திரும்பியபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார். பிறராயின் ஓய்வை நாடியிருப்பர். அவரோ விட்ட இடத்திலிருந்தே மீண்டும் தொடங்கினார்.

1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக அமர்ந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றை எச்சாதியாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924 ஆகஸ்டு 22ஆம் நாள் கொண்டுவந்து நிறைவேற்றினார். அரசாங்கமும் அதனை ஆணையாக வெளியிட்டது. பள்ளிப் பருவத்தில் பிறர் கண்ணுக்கு மறைந்து நடந்தவர், தெருவெல்லாம் அனைவர்க்கும் பொது என்பதைச் சட்டமாக்கினார்.

1930 நவம்பரில், தம் 71ஆம் வயதில், அண்ணல் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டில் நம் பேராளராக இலண்டனில் அமர்ந்தார். 1900இல் தொடங்கிய பயணம் முப்பது ஆண்டுகட்குப் பின் முடிந்தது. 1931இல் நடந்த இரண்டாம் மாநாட்டிலும் கலந்துகொண்டார். அங்கே அவ்விருவரும் வாதாடியதன் பயனாகத் தனித் தொகுதி உரிமை 1932 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஆனால் காந்தியடிகளின் உண்ணாவிரதத்தால் செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் ஏற்பட, அவ்வுரிமையைக் கைவிட நேர்ந்தது. மாகாணச் சட்டமன்றங்களில் 71 இடங்களுக்குப் பதிலாக 148 தனி இடங்கள் கிடைத்தன. எனினும் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை போயிற்று. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் சீனிவாசனும் ஒருவர். வாழ்நாளெல்லாம் உழைத்துப் பெற்றதை நாற்பது நாட்களுக்குள் இழந்தும் அவர் தொண்டினின்று விலகவில்லை. 1939இல் தம் வரலாற்றைச் சுருக்கமாக நூலாக்கினார். 1945 செப்டம்பர் 18ஆம் நாள் இயற்கை எய்தினார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

இளைஞர்களே! விடுதி அறையில் தனித்திருந்து படிக்கும்போதும், வீட்டுத் திருமணத்துக்கும் சாவுக்கும் வரமுடியாமற் போகும்போதும், தேர்வில் ஓராண்டு வீணாயிற்றே என்று கலங்கும்போதும், ஆப்பிரிக்காவில் கழிந்த அந்த இருபது ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். கனவு தாமதமாகலாம், கைவிடாதவனுக்கு அது அழிவதில்லை. அதே வேளையில், உங்களுக்காகத் தம் பங்கை மறுத்துக்கொண்ட பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் மறவாதீர்கள். பதவி கிட்டியபின் குலத்தை மறைத்து ஒதுங்கி வாழ்வது, மணியடிக்கும் வரை ஒளிந்து நிற்கும் அச்சிறுவனின் நிலைக்கே மீண்டும் செல்வதாகும். அவர் அந்நிலையிலிருந்து வெளியே வந்தார். நாமும் வருவோம், நமக்குப் பின்னே வருவோரையும் கைபிடித்து அழைத்து வருவோம்.