மார்கரட் ஹேலி (1861 – 1939)

மாணவர்களே, ஓய்வூதியம் இன்று அரசாங்க ஆசிரியர்களுக்கு இயல்பான உரிமையாகத் தோன்றலாம். ஆனால் அதனைப் பெறவும், பெற்றதைக் காக்கவும் போராட வேண்டியிருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகர ஆசிரியைகளின் போராட்டம் இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1861இல் பிறந்த ஹேலி, 16 வயதிலேயே ஆசிரியையானார். பின்னர் சிக்காகோவின் ஏழைத் தொழிலாளர் பகுதியொன்றில் 6ஆம் வகுப்புக்குக் கற்பித்தார். ஆரம்ப வகுப்பு ஆசிரியர்களுள் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களது உச்சச் சம்பளம் ஆண்டுக்கு 825 டொலராகவே நெடுங்காலம் இருந்தது. நகர மேயரைத் தெரிவுசெய்யும் வாக்குரிமையும் அவர்களுக்கு இருக்கவில்லை.

1895இல் ஓய்வூதியச் சட்டம் வந்தது. சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு வீதம் கழிக்கப்பட்டது. பெண்கள் 20 ஆண்டுகளும் ஆண்கள் 25 ஆண்டுகளும் சேவையாற்றியபின் ஓய்வூதியம் பெறலாம். உயர் சம்பளம் பெற்ற சிலர் இதனை எதிர்த்தனர். எனவே சட்டத்தைப் பாதுகாக்க 1897இல் சிக்காகோ ஆசிரியர் சம்மேளனம் உருவானது. கத்தரின் கொகினுடன் இணைந்து ஹேலி அதன் தலைவர்களுள் ஒருவரானார்.

வாக்களித்த சம்பள உயர்வைப் பணமில்லை என்று கூறிக் கல்விச் சபை நிறுத்தியது. பணம் எங்கே போனது? ஹேலி இக்கேள்வியை விடவில்லை. 1900இல் வகுப்பறையை விட்டு முழுநேரச் சங்கப் பணியாளரானார். எரிவாயு, மின்சாரம், டிராம் வண்டிக் கம்பனிகள் செலுத்த வேண்டிய வரியைச் செலுத்தாதிருந்ததைக் கண்டறிந்தார். வழக்குத் தொடரப்பட்டது. 1901இல் மாநில உயர் நீதிமன்றம் ஆசிரியைகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கிடைத்த வரிப்பணத்தைக் கல்விச் சபை வேறு செலவுகளுக்கு ஒதுக்கவே, மீண்டும் வழக்காடி 1904இல் வென்றனர். 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஓய்வூதிய நிதிச் சபையில் ஆசிரியர் பிரதிநிதிகள் பெரும்பான்மை பெற்றனர்.

தோல்விகளும் உண்டு. 1915இல் ஆசிரியர்கள் சங்கத்தில் சேர்வதைக் கல்விச் சபை தடைசெய்தது. 1916இல் 68 ஆசிரியர்கள் வேலை இழந்தனர். 1917இல் சம்மேளனம் தொழிற்சங்க இணைப்பைக் கைவிட நேர்ந்தது. ஆயினும் அதே ஆண்டில் ஆசிரியர்களின் பதவிக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. ஹேலி 1939இல் காலமானார்.

நினைவிற் கொள்க: சட்டம் இயற்றப்படுவதால் மட்டும் உரிமை நிலைத்துவிடாது. அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது, அதனை யார் நிர்வகிக்கிறார்கள் என்பவற்றையும் கேட்க வேண்டும். ஹேலியின் வெற்றிக்கு இதுவே அடிப்படையாகும்.

பயிற்சி வினாக்கள்
1. சிக்காகோ ஆசிரியர் சம்மேளனம் உருவானதற்கான காரணம் யாது?
2. சம்பள உயர்வுக்குப் பணமில்லை என்ற கூற்றை ஹேலி எவ்வாறு எதிர்கொண்டார்?
3. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியத்துவத்தை விளக்குக.