அரிவாள் ஏந்திய படை

போலந்து நாட்டின் பழைய தலைநகரம் கிராக்கோ. அங்கே வாவெல் குன்றின்மீதுள்ள தேவாலயத்திலே முடிமன்னர்கள் பலர் உறங்குகின்றனர். முடி சூடாத ஒருவனும் அவர்கள் நடுவே உறங்குகிறான். மணிமுடி இல்லை அவனுக்கு, அரண்மனை இல்லை, அரியணையில் அமர்த்திவிட்டுப் போக மகனும் இல்லை. எனினும், மன்னர்களை மறந்துவிட்ட மக்கள் அவனை மறக்கவில்லை. எம்மவன் என்கின்றனர் போலந்து மக்கள். ததாஸ் கோஸ்சியுஷ்கா என்று தம் மொழியிலே பெயரிட்டழைத்து, எங்கள் மண்ணின் மைந்தன் என்கின்றனர் லித்துவேனியர். பிறந்த வீடு எங்கள் எல்லைக்குள் இருக்கிறதே என்கின்றனர் பெலாரஸ் நாட்டார்.

அவன் பெயர் தாதேயுஷ் கோஷ்சியுஷ்கோ. வாயில் எளிதில் நுழையாத பெயர். நெஞ்சில் நுழைந்துவிட்டாலோ எளிதில் அகலாத பெயர்!

தோழர்களே! அவன் கதையை அறியுமுன் அந்த மண்ணை அறிதல் வேண்டும். பால்டிக் கடற்கரையிலிருந்து கருங்கடலை நோக்கிய சமவெளிகள் வரை பரந்து கிடந்தது ஒரு பெருநாடு. விஸ்துலா ஆறு பாயும் பக்கம் போலந்து. நேமன் ஆறு பாயும் பக்கம் லித்துவேனியா. மொழி வேறு, மரபு வேறு. 1386-ல் லித்துவேனியக் கோமகன் யொகைலா, போலந்து அரசி யாத்விகாவை மணந்தான். ஒரு திருமணம் இரண்டு நாடுகளை ஒரே முடியின்கீழ்க் கொண்டுவந்தது. 1569-ல் லூப்ளின் நகரிலே ஒப்பந்தம் எழுதி, ஒரே மன்னன், ஒரே நாடாளுமன்றம் என்று இணைந்தனர். படையும் கருவூலமும் சட்டமும் மட்டும் தனித்தனி.

மேலோட்டமாகப் பார்ப்போருக்கு மெச்சத்தக்க ஏற்பாடுதான். மன்னனைத் தேர்ந்தெடுப்போர் பிரபுக்கள். மன்றத்திலே ஒரே ஒரு பிரபு எழுந்து மறுத்தாலும் மசோதா செத்துவிடும். இதற்குச் சுதந்திரம் என்று பெயரிட்டனர். யாருக்குச் சுதந்திரம்? நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேற்படாத பிரபுக் குலத்துக்கு! உழவனுக்கோ? அவன் பண்ணையோடு பிணைக்கப்பட்ட அடிமை. வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள், சில இடங்களில் ஆறு நாளும் பிரபுவின் வயலிலே கூலியின்றி உழைக்க வேண்டும். பிரபுவின் அனுமதியின்றி ஊரைவிட்டு நகரவும் கூடாது. உழுபவன் ஊமை, உண்பவன் உரிமையாளன். அப்படிப்பட்ட நாடு எத்தனை நாள் நிற்கும்? ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் வாய் பிளந்து காத்திருந்தன. 1772-ல் ஆளுக்கொரு துண்டை அறுத்துக்கொண்டன.

கோஷ்சியுஷ்கோ பிறந்தது 1746-ல். லித்துவேனியக் கோமகன் நாட்டுப் பகுதியிலே, இன்று பெலாரசில் உள்ள கோசவா என்ற ஊரின் அருகே. பிரபுக் குலந்தான், ஆனால் செல்வம் சிறிது, கடன் பெரிது. வார்சாவில் வீரர் பள்ளியிலே பயின்றான். மன்னனின் உதவிப் பணத்தில் பாரிசுக்குச் சென்று, கோட்டை கட்டும் கலையும் ஓவியமும் கற்றான். 1774-ல் திரும்பி வந்தபோது அவனுக்குப் படையிலே இடமில்லை. பெரும்பிரபு ஒருவரின் மகளை நேசித்தான்; சிறு பிரபுவுக்குப் பெரிய வீட்டுப் பெண்ணா என்று கதவு சாத்தப்பட்டது. 1776-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டினான்.

அமெரிக்கா அப்போது பிரிட்டிஷ் மன்னனை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தது. ஏழாண்டுகள் அந்தப் போரிலே உழைத்தான் கோஷ்சியுஷ்கோ. 1777-ல் சாரடோகாவில் அவன் தேர்ந்தெடுத்த மேட்டில், அவன் அமைத்த அரண்களின் பின்னே நின்றுதான் அமெரிக்கர் பிரிட்டிஷ் படையைத் தடுத்து நிறுத்தினர்; அந்தப் படை அங்கேயே சரணடைந்தது. ஹட்சன் ஆற்றங்கரையிலே வெஸ்ட் பாயிண்ட் கோட்டையை எழுப்பியவனும் அவனே. அந்தப் போர்க்களத்தில் பல ஆண்டுகள் அவனுக்கு உதவியாளராக இருந்தவர் அக்ரிப்பா ஹல் என்ற கறுப்பினத்தவர். விடுதலை விடுதலை என்று முழங்கிய அதே நாட்டிலே, கறுப்பின மக்கள் சந்தையிலே விற்கப்படுவதையும் கோஷ்சியுஷ்கோ கண்டான். மறக்கவில்லை.

1784-ல் தாயகம் திரும்பினான். செக்னோவிச்சே என்னுமிடத்தில் சிறிய பண்ணை அவன் பங்கு. அங்கே ஆண்களின் வெட்டிவேலையை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்தான். பெண்களுக்கு அறவே நீக்கினான். வருமானம் சுருங்கியது, கடன் வளர்ந்தது. அப்போதும் முழு விடுதலை தரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், அக்கம்பக்கத்துப் பிரபுக்கள் கனவிலும் செய்யாததைச் செய்தான்.

1791 மே 3-ல் நாட்டைச் சீர்திருத்தப் புதிய அரசியல் சட்டம் பிறந்தது. பொறுப்பார்களா பெரும்பிரபுக்கள்? தம் சலுகை போய்விடுமே என்று ரஷ்யப் பேரரசி காதரினைத் துணைக்கு அழைத்தனர். அழைக்கப்பட்ட படை 1792-ல் வந்தது; மன்னன் மண்டியிட்டான்; 1793-ல் இரண்டாம் முறையாக நாடு கூறு போடப்பட்டது. சலுகையைக் காக்க நாட்டையே விற்ற கதை இது.

1794 மார்ச் 24. கிராக்கோ நகரின் பெரிய சதுக்கம். அங்கே நின்று, தனக்கு அளிக்கப்படும் அதிகாரத்தை எவரையும் ஒடுக்கப் பயன்படுத்தாமல், நாட்டின் எல்லையையும் மக்களின் உரிமையையும் காக்கவே பயன்படுத்துவதாக உறுதி பூண்டான் கோஷ்சியுஷ்கோ. படை போதாது, துப்பாக்கி போதாது. என்ன செய்வது? கோட்டை கட்டத் தெரிந்தவன் கிராமத்தை நோக்கிக் கை நீட்டினான். ஏறத்தாழ 2,000 உழவர்கள் வந்தனர். கையிலே என்ன? கதிரும் புல்லும் அறுக்கும் நீண்ட காம்பு அரிவாள்! அதன் தகட்டை நிமிர்த்திக் காம்போடு நேராக்கினர், ஈட்டியாயிற்று!

ஏப்ரல் 4-ல் ராட்ஸ்வாவிட்சே என்ற இடத்திலே போர். ரஷ்யப் பீரங்கிகள் முழங்கின. அவை மறுமுறை வெடிக்குமுன் பாய்ந்தனர் உழவர்கள், பீரங்கிகளைக் கைப்பற்றினர். முன்னே பாய்ந்தவர்களிலே ஒருவன் பார்தோஷ் குவோவட்ஸ்கி, பண்ணையடிமை. எரியும் திரியைத் தன் தொப்பியாலே அணைத்தான் என்று மக்கள் இன்றும் கதை சொல்வர். அவனுக்கு விடுதலையும் பதவியும் கிடைத்தன. இரண்டு மாதத்துக்குப் பின் வேறொரு களத்திலே உயிர் ஈந்தான். அந்த வெற்றிக்குப் பிறகு, தளபதி கோஷ்சியுஷ்கோ உழவனின் மேலங்கியை உடுத்தலானான்.

தீ பரவியது. வார்சாவிலே மக்களைத் திரட்டி எழுந்தவர்களில் முன்னணியில் நின்றவர் யான் கிலின்ஸ்கி. தொழில், செருப்புத் தைத்தல். லித்துவேனியத் தலைநகர் வில்னியசிலே கொடி உயர்த்தியவன் யாக்கூப் யாசின்ஸ்கி. இதிலொரு விந்தை: லித்துவேனியப் பகுதியிலே பிறந்த கோஷ்சியுஷ்கோ கிராக்கோவில் படை நடத்தினான், போலந்திலே பிறந்த யாசின்ஸ்கி வில்னியசில் படை நடத்தினான். பெரெக் யோசெலெவிச் என்ற யூதர், தம் மக்களைக் கொண்டு குதிரைப் படை அமைத்தார். எந்த ஊரான், எந்த மொழியான் என்ற கேள்வி அன்று எழவில்லை.

மே 7-ல் போவானியெட்ஸ் பாசறையிலிருந்து கோஷ்சியுஷ்கோ ஆணை பிறப்பித்தான். உழவன் இனித் தன் உடலுக்குத் தானே உரிமையாளன். அவனை நிலத்தைவிட்டு விரட்டக்கூடாது. வாரத்தில் ஐந்து ஆறு நாள் வெட்டிவேலை செய்தவனுக்கு இரண்டு நாள் குறையும். ஒரு நாள் செய்தவன் இனி இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் செய்தால் போதும். முழு விடுதலை அல்ல இது. பிரபுக்களைப் பகைத்துக்கொள்ள முடியாத நிலையிலே பாதி வழி போனான். அந்தப் பாதியைக்கூட எத்தனை பிரபுக்கள் நிறைவேற்றினர்? பலர் ஆணையை மறைத்தனர்; பலர் மீறினர். உழவனுக்கு நம்பிக்கை தளர்ந்தது. நம்பிக்கை தளர்ந்த கையிலே அரிவாள் எப்படிப் போர்வாளாகும்?

அக்டோபர் 10-ல் மசெயோவிட்சே போரிலே படுகாயமுற்றுச் சிறைப்பட்டான் கோஷ்சியுஷ்கோ. நவம்பர் 4-ல் வார்சாவின் பிராகா பகுதியிலே ரஷ்யப் படை ஆயிரக்கணக்கானோரைக் கொன்று குவித்தது. யாசின்ஸ்கி அங்கே களப்பலியானான். 1795-ல் மூன்றாம் பங்கீடு. போலந்தும் லித்துவேனியாவும் உலகப் படத்திலிருந்தே மறைந்தன. பண்ணையடிமையை விட மறுத்தார்கள் பிரபுக்கள், நாட்டையே விட்டார்கள்!

1796-ல் காதரின் இறந்தபின், புதிய ஜார் பால் அவனை விடுவித்தான். சக கைதிகள் ஆயிரக்கணக்கானோர் விடுதலை பெற வேண்டுமென்பதற்காக, ஜாருக்கு எதிராக எழுவதில்லை என உறுதியளிக்க நேர்ந்தது. மீண்டும் அமெரிக்கா சென்றான். 1798-ல் ஓர் உயில் எழுதினான். அமெரிக்க அரசு தந்த சம்பள பாக்கி முதலியவற்றைக் கொண்டு கறுப்பின அடிமைகளை விலைக்கு வாங்கி, விடுதலை தந்து, கல்வியும் தர வேண்டுமென்பது அந்த உயில். நிறைவேற்றும் பொறுப்பு நண்பர் ஜெபர்சனிடம். கோஷ்சியுஷ்கோ மறைந்தபின் ஜெபர்சன் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. வழக்கு நீண்டது, 1852-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொத்து உறவினருக்கே என்றது. ஓர் அடிமைகூட அந்தப் பணத்தால் விடுதலை பெறவில்லை.

நெப்போலியன் ஆதரவு கேட்டபோது, உழவர் விடுதலைக்கும் நாட்டின் பழைய எல்லைக்கும் உறுதி கேட்டான், கிடைக்கவில்லை, சேரவில்லை. 1815-ல் ஜார் அலெக்சாந்தர் லித்துவேனியாவை ஒதுக்கிவிட்டுச் சிறியதொரு போலந்தை அமைத்தபோது, தான் லித்துவேனியனாகப் பிறந்தவன் என்று நினைவூட்டினான். ஏற்கப்படாதபோது சுவிட்சர்லாந்திலே ஒதுங்கினான். 1817 ஏப்ரலில், தன் பண்ணை உழவர்களுக்கு முழு விடுதலை எழுதிவைத்தான். ஜார் ஆட்சி அதையும் செல்லாதாக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 15-ல் கண் மூடினான்.

எழுதிய உயில்கள் இரண்டும் கிழிந்தன. நடத்திய போர் தோற்றது. பிறகேன் மக்கள் கிராக்கோவிலே மண் சுமந்து வந்து அவன் பெயரால் ஒரு குன்றையே எழுப்பினர்? நாடு என்பது கோட்டையல்ல, அதைச் சுற்றி உழுபவன் என்று உணர்த்தியவன் அவன் என்பதால்! லித்துவேனிய உழவனுக்கு 1861-லும், போலந்து உழவனுக்கு 1864-லும் பண்ணைத் தளை அறுந்தது. 1918-ல் இரு நாடுகளும் தனித்தனியே விடுதலை பெற்றன. வில்னியஸ் நகர் யாருக்கு என்று தமக்குள்ளே மோதிக்கொண்டு, இருபதாண்டு முகம் பாராமல் இருந்ததும் உண்டு. அந்தப் பகை ஆறியது. 1994-ல் நட்பு ஒப்பந்தம் எழுதினர். 2018-ல், பெலாரசிலே அவன் பிறந்த இடத்தில், மக்கள் திரட்டிய பணத்திலே சிலை எழுந்தது.

தோழர்களே! எல்லைக்கோடுகள் மாறின; ஆட்சிகள் மாறின; அவன் பிறந்த ஊரின் நாடே மாறிற்று. அரிவாளோடு வந்த உழவனைத் தோழனாக மதித்த அந்த நெஞ்சுக்கு மட்டும், மூன்று நாடுகளும் இன்றும் உரிமை கோருகின்றன!