காலம் கடந்த அறிவிப்பு

1991 நவம்பர் 23 அன்று லண்டனிலிருந்து ஓர் அறிவிப்பு வெளியானது. 'குயீன்' இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி எய்ட்ஸ் நோயால் பாதிக்கப்பட்டிருப்பதை அது உறுதிசெய்தது. மறுநாளே அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 45.

ஃபரோக் புல்சாரா என்பது அவரது இயற்பெயர். 1946 செப்டம்பர் 5 அன்று சான்சிபார் தீவில், குஜராத்தைப் பூர்விகமாகக் கொண்ட பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை நீதிமன்றக் காசாளர். எட்டு வயதில் மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் உள்ள உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பியானோ பயின்றதும், நண்பர்களுடன் முதல் இசைக்குழுவைத் தொடங்கியதும் அங்கேதான். 1964-ஆம் ஆண்டுப் புரட்சி அக்குடும்பத்தை இங்கிலாந்துக்கு இடம்பெயரச் செய்தது.

ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை பயின்றார். ஹீத்ரோ விமான நிலையத்தில் சுமை தூக்கினார். கென்சிங்டன் சந்தையில் பழைய ஆடைகளை விற்றார். 1970-இல் பிரையன் மே, ரோஜர் டெய்லர் ஆகியோருடன் இணைந்து குயீன் உருவானது. பாடல்கள் புகழ்பெற்ற பின்னரும் ஒப்பந்தப்படி அவர்களுக்குக் கிடைத்தது சொற்ப வாரச் சம்பளமே. உழைப்பு யாருடையதாயினும் உரிமை வைத்திருப்பவரிடமே வருவாய் சேரும் என்னும் பொருளியல் பாடத்தை அனுபவத்தால் கற்று, 1975-இல் அதிலிருந்து விடுபட்டனர். அவ்வாண்டே மெர்குரி எழுதிய 'பொஹீமியன் ராப்சடி' வெளியானது. வானொலிக்கு ஒவ்வாத நீளம் எனக் கருதப்பட்ட அந்த ஆறு நிமிடப் பாடல், பிரிட்டனில் 9 வாரங்கள் முதலிடம் வகித்தது.

1985 ஜூலை 13 அன்று, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில், சுமார் 20 நிமிடங்களில் வெம்ப்ளி அரங்கையே தன்வசப்படுத்தினார்.

1987-இல் நோய் கண்டறியப்பட்டது. எய்ட்ஸ் நோயாளியைக் குற்றவாளியாகவும், தன்பாலீர்ப்பு உடையோரை அந்நோய்க்குக் காரணமாகவும் சமூகம் நோக்கிய காலம் அது. அவர் மௌனம் காத்தார். உடல் நலிந்த நிலையிலும் பாடல் பதிவை நிறுத்தவில்லை. முன்னரே அறிவித்திருந்தால் பலருக்கு விழிப்புணர்வு ஏற்பட்டிருக்கும் என்னும் விமர்சனத்தில் உண்மை உண்டு. எனினும், நோயை மறைக்கும்படி அச்சுறுத்திய சமூகம், மறைத்தவரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது.

அவர் மறைவுக்குப் பின் மீண்டும் வெளியான அதே பாடலின் வருவாய் எய்ட்ஸ் அறப்பணிக்கு வழங்கப்பட்டது. 1992-இல் நிறுவப்பட்ட மெர்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை அப்பணியைத் தொடர்ந்தது. இன்று மருந்துகள் அந்நோயைக் கட்டுப்படுத்துகின்றன. ஆனால், நோயாளியை வெட்கப்படச் செய்யும் நம் மனப்போக்குக்கு மருந்து ஆய்வகத்தில் இல்லை. அது நம்மிடமே இருக்கிறது.