தென்காசி தந்த பத்திரிகையாளர் டி. எஸ். சொக்கலிங்கம்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

தென்காசி என்றால் வானளாவிய கோபுரம் நினைவுக்கு வரும். குற்றாலம் என்றால் அருவியும் சாரலும் நினைவுக்கு வரும். இவற்றைக் கண்டு மகிழ ஆண்டுதோறும் எத்தனையோ ஊர்களிலிருந்து மக்கள் திரண்டு வருகின்றனர். ஆனால் இதே மண்ணில் பிறந்து, தமிழ்ப் பத்திரிகை உலகில் தனியிடம் பெற்று விளங்கிய ஒருவரை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? வெளியூராரை விடுவோம். நம் கல்லூரி மாணவர்களுள் எத்தனை பேர் அறிவோம்?

அவர்தாம் டி. எஸ். சொக்கலிங்கம். பெயரின் முன் நிற்கும் 'டி' என்னும் எழுத்து தென்காசியைக் குறிப்பது. சென்னைக்குச் சென்று புகழ் பெற்ற பிறகும் பிறந்த ஊரைத் தம் பெயரோடு சுமந்தவர் அவர். பத்திரிகைகள் எந்தக் கட்சியின் பக்கம் சாய்கின்றன, யாருக்கு அஞ்சுகின்றன என்ற பேச்சு நாடெங்கும் எழுந்துள்ள இந்நாளில் அவருடைய வாழ்க்கையை நினைத்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

பிறப்பும் இளமையும்

சொக்கலிங்கம் 1899-ஆம் ஆண்டு தென்காசியில் பிறந்தார். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் வார ஏடாகத் தொடங்கிய 'சுதேசமித்திரன்' நாளிதழாக மலர்ந்ததும் அதே 1899-ஆம் ஆண்டில்தான். தமிழ் நாளிதழும் சொக்கலிங்கமும் ஒரே வயதினர் எனலாம்.

அவருக்கு 12 வயது நடந்தபோது குடும்பத்தில் பேரிடி விழுந்தது. 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் என்பவரைச் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டு வீழ்த்தித் தாமும் உயிர் துறந்தார். அதைத் தொடர்ந்து நடந்த சதி வழக்கில் 14 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். அவர்களுள் ஒருவர் சொக்கலிங்கத்தின் தமையனார் சிதம்பரம் பிள்ளை. அண்ணன் சிறைக்குள் சென்றுவிட்டால் கடையை யார் பார்ப்பது? குடும்பத்தை யார் காப்பது? அப்பொறுப்பு சிறுவன் சொக்கலிங்கத்தின் தோளில் விழுந்தது. பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். படிப்பு பாதியில் நின்று போவது எத்தகைய வேதனை என்பதை என் பெற்றோரைப் பார்த்தே அறிந்திருக்கிறேன். ஆகவே சொக்கலிங்கத்தின் வரலாற்றில் இந்தப் பகுதி என்னை மிகவும் ஈர்த்தது. பள்ளியை விட்ட அந்தச் சிறுவர் தாமாகவே கற்றுத் தேர்ந்தார். பின்னாளில் உருசியப் பேரறிஞர் டால்ஸ்டாயின் மாபெரும் நாவலைப் 'போரும் வாழ்வும்' என்ற பெயரில் தமிழில் தந்தார். கடையில் உட்கார்ந்தவர் கல்லூரிகளில் பேசப்படும் நூலை மொழிபெயர்த்தார் என்றால் அது சாதாரணச் செயலா?

அந்நாளைய பத்திரிகைச் சட்டம்

அவர் பேனா பிடிக்க வந்த காலம் பத்திரிகைகளுக்குச் சோதனைக் காலம். 1908-இல் சுப்பிரமணிய ஐயர் கைது செய்யப்பட்டார். பாரதியார் நடத்திய 'இந்தியா' வார ஏட்டின் மீது அதே ஆண்டில் வழக்குப் பாய்ந்தது. பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். பத்தாண்டுகளுக்குப் பின் ஆங்கில ஆட்சிக்குட்பட்ட பகுதிக்குத் திரும்பியதும், மனைவியின் ஊராகிய கடையத்தில் வந்து தங்கினார். கடையம் நம் தென்காசிக்குப் பக்கத்து ஊர்தான்.

1910-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் எவ்வாறு வேலை செய்தது என்பதை நாம் அறிய வேண்டும். அச்சகம் வைத்திருப்பவர் முதலில் அரசிடம் ஜாமீன் தொகை கட்ட வேண்டும். அரசுக்குப் பிடிக்காத எழுத்து வெளிவந்தால் அந்தத் தொகை பறிபோகும். மறுபடி அதைவிடப் பெரிய தொகை கட்டினால்தான் அச்சகம் ஓடும். மறுபடியும் அவ்வாறே எழுதினால் அச்சகமே பறிபோகும். எழுதுகிறவனின் கையைக் கட்டாமல் அச்சிடுகிறவனின் மடியில் கை வைப்பதே அச்சட்டத்தின் சூழ்ச்சி. 1922-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் சட்ட மறுப்பு இயக்கம் வலுத்தபோது 1931-இல் அதே போன்ற இன்னொரு சட்டம் வந்துவிட்டது.

காந்தியும் மணிக்கொடியும்

டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு நடத்திய 'தமிழ்நாடு' பத்திரிகையில் சொக்கலிங்கம் தொழில் பயின்றார். பின்பு அங்கிருந்து விலகி, 1931-இல் 'காந்தி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதன் விலை காலணா. ஒரு ரூபாய்க்கு 64 காலணா. கூலி வேலை செய்பவரும் வாங்கக்கூடிய விலையில் அரசியலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த ஏடு.

1933-இல் வ. ரா. எனப்படும் வ. ராமசாமி, கே. சீனிவாசன் ஆகியோருடன் சேர்ந்து 'மணிக்கொடி' வார ஏட்டைத் தொடங்கினார். புதுமைப்பித்தன் முதலிய சிறுகதை ஆசிரியர்கள் வளர்ந்த தொட்டில் என்று இன்று நம் தமிழ்ப் பேராசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்கும் 'மணிக்கொடி' அதுதான். இலக்கிய ஏடாக அது பெயர் பெற்றது பிற்பாடுதான். தொடக்கத்தில் அரசியலையும் சமுதாயத்தையும் துணிந்து பேசிய வார ஏடாகவே அது விளங்கியது.

தினமணியின் தோற்றம்

1934 செப்டம்பர் 11-ஆம் நாள், பாரதியாரின் நினைவு நாளில், 'தினமணி' நாளிதழ் சென்னையில் தோன்றியது. அதன் முதல் ஆசிரியர் சொக்கலிங்கம். அப்போது அவருக்கு வயது 35. துணையாக நின்றவர் ஏ. என். சிவராமன். பின்னர்ப் புதுமைப்பித்தனும் அங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். படித்தவர்க்கு மட்டுமே விளங்கும் கடின நடையை விட்டு, எல்லார்க்கும் விளங்கும் எளிய தமிழில் செய்தி தரும் முயற்சியில் அந்த இதழ் முன்னணியில் நின்றது. நாட்டு விடுதலையே அதன் கொள்கை.

ஒரு பக்கம் சாய்ந்தவர் நேர்மையாளராக இருக்க முடியுமா?

1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் சொக்கலிங்கம் தென்காசியிலிருந்து காங்கிரஸ் சார்பில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசிரியரும் அவரே, ஆளுங்கட்சி உறுப்பினரும் அவரே. இங்கேதான் இன்றைய வாசகருக்கு ஐயம் எழும். இத்தகையவர் நடத்தும் ஏடு நடுநிலையாக இருக்குமா?

இராது என்பதே உண்மையான விடை. அந்நாளில் எந்த ஏடும் நடுநிலை என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. நாட்டு விடுதலை இயக்கத்துக்கு ஓர் ஏடு, நீதிக் கட்சிக்கு ஓர் ஏடு, சுயமரியாதை இயக்கத்துக்கு ஓர் ஏடு என்றே இருந்தன. 1938-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் எழுந்தபோது ஒரே ஊர்வலத்தைப் பற்றி இரு தரப்பு ஏடுகளும் இரு வேறு விதமாக எழுதின. 1933-இல் 'குடி அரசு' ஏட்டில் எழுதிய தலையங்கத்துக்காகப் பெரியார் ஆங்கில ஆட்சியில் சிறை சென்றார். சில ஆண்டுகள் கழித்து, காங்கிரஸ் அமைச்சரவை நடந்தபோது, 'விடுதலை' ஏட்டை நடத்தியவர்கள் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. நம் கட்சி வெளியே இருக்கும்போது பத்திரிகைச் சுதந்திரம் இனிக்கிறது. உள்ளே வந்ததும் கசக்கிறது. இது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய நோய் அன்று.

இயற்பியல் ஆய்வகத்தில் எங்களுக்கு முதலில் கற்றுத் தருவது சுழிப்பிழை. திருகு அளவியை எடுத்ததும் அதன் இரு முகங்களையும் ஒட்ட வைத்துப் பார்க்க வேண்டும். சுழியில் நிற்காமல் இரண்டு பிரிவு தள்ளி நின்றால் அந்தக் கருவியைத் தூக்கி எறிவதில்லை. பிழையைக் குறித்துக்கொண்டு, பின்னர் எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் கழித்தோ கூட்டியோ கொள்கிறோம். பிழை தெரிந்த கருவி பயன்படும். பிழையை மறைத்த கருவிதான் மாணவனை ஏமாற்றும். பத்திரிகையும் அப்படித்தான். சொக்கலிங்கத்தின் ஏட்டைக் கையில் எடுத்தவருக்கு அது எந்தப் பக்கம் சாயும் என்பது தெரியும். தெரிந்தே வாங்கினார், தெரிந்தே கழித்துக்கொண்டு படித்தார். எங்கள் அப்பா பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டாதவர். இருந்தும் நான் செய்தி படித்துக் காட்டினால், இது எந்தக் கட்சிக்காரர் ஏடு என்றுதான் முதலில் கேட்பார். சுழிப்பிழை பார்க்கும் வித்தையை ஆய்வகம் காணாமலே அவர் கற்றிருக்கிறார்.

ஆனால் ஓர் எல்லை உண்டு. கருத்தில் சாயலாம், செய்தியில் பொய் கூடாது. இங்கிலாந்தில் 'மான்செஸ்டர் கார்டியன்' ஏட்டுக்கு 57 ஆண்டுகள் ஆசிரியராக இருந்த சி. பி. ஸ்காட் என்பாரும் நம் சொக்கலிங்கத்தைப் போலவே ஒரு கட்சியைச் சார்ந்தவர். 1895 முதல் 1906 வரை பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். கருத்தை அவரவர் விருப்பம்போல் சொல்லலாம், நடந்ததை மட்டும் திரிக்கலாகாது என்பதை 1921-இல் அவர் எழுதிய கட்டுரை உலகெங்கும் பத்திரிகையாளர்க்குப் பாடமாயிற்று.

முதலாளியும் ஆசிரியரும்

இரண்டாம் உலகப் போர் வந்தது. தணிக்கையும் காகிதத் தட்டுப்பாடும் கூடவே வந்தன. 1942 ஆகஸ்டு இயக்கத்தின்போது அரசின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு நடத்துவதைவிட நிறுத்துவதே மேல் என்று நாட்டில் பல ஏடுகள் வெளியீட்டை நிறுத்தின. 'தினமணி'யின் உடன்பிறப்பான 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' அவற்றுள் ஒன்று. அந்நிறுவனம் அப்போது இராம்நாத் கோயங்காவின் கையில் இருந்தது.

அடுத்த ஆண்டே சொக்கலிங்கத்துக்கு வேறொரு சோதனை வந்தது. நிர்வாகத்துடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1943-இல் அவர் 'தினமணி'யை விட்டு விலகினார். முதல் இதழ் முதல் தாம் உருவாக்கிய ஏட்டை விட்டு வெளியேறுவது எளிதன்று. அவர் தனியாகவும் வெளியேறவில்லை. புதுமைப்பித்தன் உள்ளிட்ட உதவி ஆசிரியர்கள் சிலரும் வேலையைத் துறந்து உடன் சென்றனர். போர்க்காலத்தில், விலைவாசி ஏறி நின்ற வேளையில், மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஆசிரியர் பின்னால் சென்றார்கள் என்றால், அவர்கள் அவர்மேல் வைத்திருந்த மதிப்பை என்னென்பது!

1944-இல் சொக்கலிங்கம் 'தினசரி' என்ற சொந்த நாளிதழைத் தொடங்கினார். இனி மேலே யாரும் இல்லை, எழுதியதே எழுத்து. ஆயினும் அந்த ஏடு நீண்ட நாள் நிலைக்கவில்லை. பின்னர் வேறு பத்திரிகைகளில் பணியாற்றினார், நூல்கள் எழுதினார், காமராசரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். 1966-இல் மறைந்தார். நாட்டில் பத்திரிகை மன்றம் முதன்முதலாக அமைந்ததும் அதே ஆண்டில்தான்.

அவர் வாழ்க்கை கற்பிக்கும் பாடம்

பத்திரிகைச் சுதந்திரத்துக்குப் பகைவர் அரசாங்கம் ஒன்றே என்று நாம் எண்ணுகிறோம். சொக்கலிங்கத்தின் வாழ்க்கை மூன்று வாயில்களைக் காட்டுகிறது. ஒன்று, ஜாமீன் கேட்கும் அரசு. மற்றொன்று, சம்பளம் கொடுக்கும் முதலாளி. மூன்றாவது, காசு இல்லாத கல்லாப்பெட்டி. முதல் இரண்டையும் தாண்டியவர் மூன்றாவதில் தடுக்கினார். இங்கிலாந்தில் ஸ்காட் குடும்பத்தார் 1936-இல் தங்கள் ஏட்டை ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் ஒப்படைத்து, ஆசிரியர்க்குப் பாதுகாப்புத் தேடினர். அத்தகைய ஏற்பாடு 'தினசரி'க்கு இருந்திருந்தால் அதன் கதி வேறாக இருந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

முதலாளிகள் எல்லாரும் தீயவர் என்று முடிவு கட்டுவதும் தவறு. 1975-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுத் தணிக்கை வந்தபோது, தலையங்கப் பகுதியை வெறுமையாக விட்டு எதிர்ப்புக் காட்டிய ஏடுகளுள் ஒன்று அதே கோயங்காவின் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்'. அரசை எதிர்த்து நிற்க ஆசிரியருக்கு அன்று முதலாளியின் துணிவும் வேண்டியிருந்தது. ஆக, ஓர் ஆளின் நல்ல குணத்தை நம்பி மட்டும் பத்திரிகைச் சுதந்திரம் நிற்க முடியாது. சட்டமும் ஏற்பாடும், அவற்றுக்கு மேலாக விழிப்புள்ள வாசகரும் வேண்டும்.

இன்றைய நிலை என்ன? 'முரசொலி', 'ஜனசக்தி', 'தீக்கதிர்' போன்ற ஏடுகள் தாம் எந்தக் கட்சியின் குரல் என்பதை மறைப்பதில்லை. கட்சி சார்ந்த தொலைக்காட்சிகளும் பல உள்ளன. அவற்றால் கேடில்லை, அவற்றின் சுழிப்பிழை நமக்குத் தெரியும். நடுநிலை என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு, விளம்பரத்துக்காகவும் அச்சத்துக்காகவும் ஒரு செய்தியைப் பெரிதாக்கி இன்னொன்றை விழுங்கிவிடுவதுதான் கேடு. யார் எழுதினார் என்றே தெரியாமல் கைப்பேசியில் வந்து குவியும் செய்திகளோ அதைவிடக் கேடு. அவற்றுக்குச் சுழியும் இல்லை, பிழையைக் குறித்துக்கொள்ள வழியும் இல்லை.

உண்மைச் செய்தி உயிர் காக்கும் என்பதை நம் பகுதி மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்த துயரத்தை நாம் மறக்கவில்லை. மலையில் மழை பெய்கிறது, அருவியில் குளிக்கத் தடை என்ற செய்தி காலத்தில் வர வேண்டும். வருவது மெய்யாக இருக்க வேண்டும். அங்கே கட்சி இல்லை. ஆற்று நீருக்கும் அரிசி விலைக்கும் ஆட்சியாளர் கணக்குக்கும் அதே மெய் வேண்டும் என்று கேட்பதே வாசகர் கடமை.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஆசிரியராகலாம், அலுவலராகலாம், சிலர் பத்திரிகையாளரும் ஆகலாம். யாராக ஆனாலும் நாம் அனைவரும் வாசகரே. காலணா ஏட்டில் தொடங்கி நாளிதழ் கண்ட நம் ஊர்க்காரர், தம் சார்பை மறைக்காமல் எழுதினார். வேண்டியபோது பதவியை விட்டு எழுந்தார். அந்த நேர்மையை எழுதுகிறவரிடம் எதிர்பார்ப்போம். படிக்கும் முன் சுழி பார்க்கும் பழக்கத்தை நாம் மேற்கொள்வோம். தென்காசி தந்த சொக்கலிங்கத்தின் புகழ் ஓங்குக!