படக்கதை மேல் போர் தொடுத்த டாக்டர்

காரைக்காலுக்கு அருகே தருமபுரம் என்று ஓர் ஊர். மயிலாடுதுறை அருகே ஆதீனம் இருக்கும் தருமபுரம் வேறு, இது வேறு. இங்கே கோவில் கொண்டிருக்கும் சிவபெருமானுக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர்.

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. திருஞானசம்பந்தரின் பாட்டுக்கு யாழ் வாசித்து வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரம் அவருடைய தாயார் பிறந்த ஊர். யாழின் இனிமையால்தான் சம்பந்தரின் பாட்டுக்குப் புகழ் என்று உறவினர்கள் பேசினார்கள். பாணர் மனம் நொந்தார். யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடும்படி சம்பந்தரை வேண்டினார். அவரும் பாடினார். பாணரால் அதை வாசிக்க முடியவில்லை. எல்லாம் இந்தக் கருவியால் வந்த வினை என்று யாழை உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்தார். யாழ் பிழைத்தது.

குற்றம் கருவியிலா, வேறு எங்காவதா? இதே கேள்வி அமெரிக்காவில் ஒரு டாக்டருக்கு முன்னாலும் வந்து நின்றது. அவர் கருவியின் மேல் பழி போட்டார். அவர் பெயர் பிரெடரிக் வெர்த்தாம். அவர் பழித்தது யாழை அல்ல. சிறுவர்கள் படிக்கும் காமிக்ஸ் என்ற படக்கதைப் புத்தகத்தை.

காமிக்சைக் கண்டித்து அவர் எழுதிய புத்தகம் இன்று ஓர் அரும்பொருள். அதைத் தேடி அலைகிறவர்கள் யார் தெரியுமா? காமிக்ஸ் பிரியர்கள்!

ஏழைகளின் டாக்டர்

வெர்த்தாம் 1895-ஆம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்தில் பிறந்தார். 1921-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மனநோய் மருத்துவத்தில் பெயர் வாங்கினார். நியூயார்க் நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியான பெல்வியூவில் வேலை பார்த்தார். கொலைக் குற்றவாளிகளின் மனநிலையைச் சோதித்து, கோர்ட்டில் சாட்சி சொன்னார்.

பணமும் புகழும் வந்தன. ஆனால் ஒரு காட்சி அவர் மனதை உறுத்தியது. நியூயார்க்கில் ஹார்லெம் என்ற பகுதியில் கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு மனநோய் வந்தால் பார்க்க ஆள் இல்லை. 1946-இல், அங்கே ஒரு மாதா கோவிலின் நிலவறையில் வெர்த்தாம் வைத்தியசாலை திறந்தார். கட்டணம் 25 சென்ட், அதாவது கால் டாலர். கொடுக்க முடியாதவர்களுக்கு அதுவும் இல்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் வெள்ளைக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்புக் குழந்தைகளுக்கு வேறு பள்ளிக்கூடம். இப்படிப் பிரித்து வைப்பது பிஞ்சு மனங்களைப் புண்படுத்துகிறது என்று 1951-இல் டெலாவேர் மாநிலத்தில் நடந்த வழக்கில் வெர்த்தாம் சாட்சி சொன்னார். அந்த வழக்கு வேறு சில வழக்குகளோடு சேர்ந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1954 மே 17-ந் தேதி, அந்தப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

குழந்தைகளிடம் இவ்வளவு அன்பு கொண்டவர்தான் படக்கதை மேல் போர் தொடுத்தார்.

பத்து சென்ட் புத்தகம்

வைத்தியசாலைக்கு வந்த சிறுவர்களில் பலர் காமிக்ஸ் படிக்கிறவர்கள். விலை 10 சென்ட். மாதந்தோறும் கோடிக்கணக்கில் விற்ற காலம் அது. சிலவற்றில் வேடிக்கை இருந்தது. சிலவற்றில் கொலை, சித்திரவதை, வெட்டுண்ட தலை!

சிறுவர்கள் கெட்டுப்போவதற்கு இவையும் ஒரு முக்கிய காரணம் என்று டாக்டர் முடிவு கட்டினார். 1948 முதல் பத்திரிகைகளில் எழுதினார். பெற்றோர்கள் பதறினார்கள். அதே ஆண்டு சில ஊர்களில் பள்ளிப்பிள்ளைகளைக் கொண்டே காமிக்சைக் குவித்துத் தீ வைத்தார்கள். எரிக்கச் சொன்னவர் வெர்த்தாம் அல்ல. சிறுவர்களுக்கு விற்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. ஆனால் பயம் ஒரு முறை பற்றிக்கொண்டால் யார் சொல் கேட்கும்?

1954-இல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. மாசற்ற குழந்தைகளை மயக்கிக் கெடுப்பது என்று பொருள்படும் தலைப்பு. சூப்பர்மேன், பேட்மேன்கூட அதில் தப்பவில்லை. ஏப்ரல் 21-ந் தேதி அமெரிக்க செனட் சபையின் குழு முன் வெர்த்தாம் சாட்சி சொன்னார். அதே நாளில், திகில் காமிக்ஸ் வெளியிட்ட வில்லியம் கெயின்சும் வந்தார். ஒரு பெண்ணின் வெட்டுண்ட தலையைப் போட்ட அட்டையைக் காட்டி, இது முறையா என்று கேட்டார்கள். திகில் புத்தகத்துக்கு முறைதான் என்றார் அவர். காமிக்ஸ் தரப்பு அன்றே பாதி தோற்றது.

அக்டோபரில் வெளியீட்டாளர்கள் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதியை வகுத்துக்கொண்டார்கள். தலைப்பில் திகில் என்ற சொல் கூடாது. இரத்தம் குடிக்கும் பேய் கூடாது. போலீசையும் நீதிபதியையும் இழிவாகக் காட்டக் கூடாது. பல பத்திரிகைகள் மூடப்பட்டன. ஓவியர்கள் பலர் பிழைப்பை இழந்தார்கள்.

இந்தப் பயம் ஒரு நாட்டோடு நிற்கவில்லை. பிரான்சு 1949-இலேயே சிறுவர் பத்திரிகைகளுக்குச் சட்டம் போட்டிருந்தது; காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரிட்டன் 1955-இல் சட்டம் செய்தது. இந்தியப் பாராளுமன்றமும் 1956-இல் இளைஞர்களுக்குத் தீங்கான பிரசுரங்களைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை!

வெட்டி எடுத்த தாள்

வெர்த்தாமின் புத்தகம் அச்சாகித் தைத்த பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. கடைசியில் 399, 400-ஆம் பக்கங்கள் கொண்ட தாளில் காமிக்ஸ் கம்பெனிகளின் பெயர்கள் இருந்தன. விற்பனைக்குப் போகும் முன் பெரும்பாலான பிரதிகளில் அந்தத் தாளை மட்டும் வெட்டி எடுத்து விட்டார்கள். தப்பிய பிரதிகள் சிலவே.

பழைய புத்தகம் சேர்க்கிறவர்கள் கையில் எடுத்ததும் அந்தத் தாள் இருக்கிறதா என்றுதான் புரட்டிப் பார்க்கிறார்கள். இருந்தால் விலை ஏறும்!

இன்னொரு வேடிக்கை. கெட்டவை என்று காட்ட, சில காமிக்சின் படங்களை வெர்த்தாம் தம் நூலில் அச்சிட்டிருந்தார். அவர் பழித்த இதழ்களையே காமிக்ஸ் பிரியர்கள் பட்டியல் போட்டுத் தேடினார்கள். விலைப்பட்டியல்களில் அவற்றுக்குத் தனிக் குறிப்பு உண்டு. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜெப்ரி வாக்னர் என்பவர் காமிக்சைக் கண்டித்து எழுதிய புத்தகத்துக்கும் இதே கதி. கண்டித்த புத்தகமும், கண்டிக்கப்பட்ட புத்தகமும் இன்று ஒரே அலமாரியில்!

பெட்டி திறந்தது

1973-இல் வெர்த்தாம் இன்னொரு புத்தகம் எழுதினார். வாசகர்கள் தாங்களே எழுதி, தாங்களே அச்சிட்டுப் பரிமாறிக்கொள்ளும் சிறு பத்திரிகைகளை அதில் பாராட்டினார். அவற்றில் பல காமிக்ஸ் ரசிகர்களுடையவை. ஆனாலும் அவர்கள் பழையதை மறக்கவில்லை. 1981 நவம்பர் 18-ந் தேதி, 86-ஆம் வயதில் டாக்டர் காலமானார்.

கதை அதோடு முடியவில்லை. அவருடைய குறிப்புகளும் கடிதங்களும் அமெரிக்கப் பாராளுமன்ற நூலகத்தில் பெட்டி பெட்டியாக இருந்தன. 2010-இல் அவை ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. கேரல் டில்லி என்ற பேராசிரியை அவற்றை அச்சான புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 2012-இல் முடிவை வெளியிட்டார்.

உலகம் திகைத்தது. இரண்டு சிறுவர்கள் சொன்னதை ஒரே சிறுவன் சொன்னதாக டாக்டர் எழுதியிருந்தார். மற்ற டாக்டர்கள் கேட்ட கதைகளைத் தாமே கேட்டதாகக் காட்டியிருந்தார். வீட்டில் அடி உதை, தெருவில் கெட்ட சகவாசம் போன்ற வேறு காரணங்களைப் பல இடங்களில் விட்டு விட்டார். பழி முழுவதும் காமிக்ஸ் தலையில் விழுந்தது!

காமிக்ஸ் கட்டுப்பாட்டு விதி 2011-இல் கைவிடப்பட்டது.

வெர்த்தாம் கெட்டவரா? அல்ல. ஹார்லெம் மக்களுக்கு அவர் செய்தது பொய்யாகாது. சிறுவர் கையில் எதையும் கொடுக்கலாமா என்று கேட்டதும் நியாயமே. ஆனால் நல்ல நோக்கத்துக்காக உண்மையை வளைத்தார். அதனால் நல்ல நோக்கமே கெட்டது. அவர் சொன்ன நியாயத்தையும் நம்ப ஆள் இல்லாமல் போயிற்று.

நம் வீட்டில்

தமிழ்நாட்டிலும் படக்கதை உண்டு. தினசரிப் பத்திரிகையில் 1960-இல் தொடங்கிய கன்னித்தீவை எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் எத்தனையோ பேர். 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு வந்த முத்து காமிக்சின் பழைய இதழ்களை, தலை நரைத்தவர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

பிள்ளை கையில் படக்கதையைக் கண்டால் பிடுங்கி எறிய வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். கூடாதது என்றால் காரணம் சொல்லி எடுத்து வையுங்கள். பிள்ளை வாடியிருந்தால், காரணம் புத்தகத்தில்தானா, வீட்டிலும் உண்டா என்று பாருங்கள்.

தருமபுரத்தில் யாழ் உடையாமல் பிழைத்தது. தடுக்க அங்கே ஒருவர் இருந்தார்.